மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு

அந்த விளையாட்டின் பெட்டி டிவி மேசையின் கீழ்த்தட்டில் இருக்கிறது. செட்டாப் பாக்ஸுக்கு இடப்புறம், ரிமோட்டுகள் போட்டுவைக்கும் பிரம்புக் கூடைக்கு வலப்புறம். தூசி துடைக்கும்போது எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறேன். மேலட்டையில் ஒரு பச்சை மலை. அதற்கு முன்னால் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டியும் ஒரு பழுப்பு ஆட்டுக்குட்டியும் குதித்து, கால்கள் தரையில் படாமல் அப்படியே நிற்கின்றன. கீழ் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் மூன்று என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும்.

அந்த மூலையை முதலில் பார்த்தவர் என் கணவர். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அடி மூலையிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்.

“மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கான். எது வரைக்கும்னு போடல பாத்தியாட்டி? இதுக்கே ஒரு அப்ஜெக்‌ஷன் எழுதலாம்,” என்றார்.

அவர் திருநெல்வேலிக்காரர். நான் கும்பகோணத்துப் பக்கம். தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர் பேச்சு என்னிடமோ என் பேச்சு அவரிடமோ ஒட்டிக்கொள்ளவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த மகளின் தமிழ் இரண்டிலும் சேராது. விளையாட்டு அவளுடையது. குருகிராமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைப் புனேவுக்கு மாற்றியபோது, அங்கே தங்கப்போகும் அறையில் டிவி இல்லை என்று, விளையாட்டை ஓட்டும் கருவியையும் இரண்டு கன்ட்ரோலர்களையும் எங்கள் டிவியில் இணைத்துவிட்டுப் போனாள். குழந்தைகள் ஆடுவதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் ஆடலாம், தன் தோழி வீட்டில் அவளுடைய நானாஜி, அம்மாவழித் தாத்தா, தினமும் ஆடுகிறார் என்று சொன்னாள். நாங்கள் சரி சரி என்றோம். டிவிக்கு அடியில் ஒரு பச்சை விளக்கு கூடுதலாக எரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

அவள் போன பிறகுதான் அவருடைய வலது கட்டைவிரலுக்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்தது. அதற்கு முன்பே அவரால் வாசல் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் போயிருந்தது. பூட்டு பழசாகிவிட்டது என்று எண்ணெய் விட்டார். பிறகு நகவெட்டியை அழுத்த முடியவில்லை. நகவெட்டியை மாற்றினோம். சட்டைப் பொத்தானில் வந்து நின்றபோதுதான் டாக்டரிடம் போனோம். கட்டைவிரலின் அடிச்சதை மற்றக் கையோடு ஒப்பிட்டால் குழி விழுந்தது போல இருந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மின்கம்பியும் ஊசியும் வைத்துச் சோதித்தார்கள். கடைசியில் ஓர் இளம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, மரியாதையான இந்தியில் சொன்னார். மூளையிலிருந்து தசைகளுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. கையில் தொடங்கியிருக்கிறது. கால், தொண்டை, மூச்சு என்று போகும். வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு. திருப்ப முடியாது. எவ்வளவு காலம் என்று நான் கேட்டபோது அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்றார்.

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அறிவு போகுமா என்று. போகாது, கடைசி வரை எல்லாம் தெரியும் என்றார் டாக்டர். ஆட்டோவில் திரும்பும்போது, “அதுதாம்ட்டி இதுல மோசம்,” என்றார்.

தீபாவளி முடிந்திருந்தது. தில்லியில் அந்த வாரங்களில் வெளியே நடக்க முடியாது. காலையிலேயே எதிர்ப் பிளாக் தெரியாது. சன்னல்களை அடைத்து, இடுக்கில் துணி செருகி, காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்போம். அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார். நான் வேலை பார்த்த அமைச்சக நூலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டிருந்தேன். விரல்களைச் சும்மா வைக்க வேண்டாம், களைப்பு வராத அளவுக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். பிடித்தது என்றால் எது? அவருக்குப் பிடித்தது பழைய கணக்குகளைப் புரட்டுவது. மாலை ஐந்து மணிக்கு, செய்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது, அவர் ரிமோட்டை என்னிடம் தள்ளி, “அந்த ஆட்டுக்குட்டியப் போடு, பாப்போம்,” என்றார்.

அப்படித்தான் தொடங்கினோம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மலை. அதன் அடிவாரத்தில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். இடது கட்டைவிரலால் ஒரு சின்னக் குச்சியைத் தள்ளினால் குட்டி நடக்கும். வலது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் குதிக்கும். லேசாகத் தொட்டால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. கற்களின் மேல், மிதக்கும் மரக்கட்டைகளின் மேல், ஆடும் கொடிகளின் மேல் குதித்துக் குதித்து ஒரு சரிவின் முடிவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மணி தொங்கும். அதை முட்டினால் அடுத்த சரிவு திறக்கும். வழியில் பச்சை இலைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பாறைக்குப் பின்னால், அருவிக்கு உள்ளே, யாரும் போகாத இடதுகைப் பக்கத்தில். ஒரு சரிவின் எல்லா இலைகளையும் தின்றுவிட்டால் வரைபடத்தில் அந்தச் சரிவின் மேல் ஒரு வெள்ளைப் பூ பூக்கும். பூக்காவிட்டாலும் குற்றமில்லை. மணியை முட்டியிருந்தால் மேலே போகலாம். மலையுச்சியில் ஒரு குடிசை, அதன் சன்னலில் ஒரு விளக்கு. எந்தச் சரிவில் நின்று பார்த்தாலும் அது தெரியும். அதன் கதவை இரண்டு குட்டிகளும் சேர்ந்து முட்டினால்தான் திறக்கும் என்று தொடக்கத்திலேயே ஒரு படத்தில் காட்டிவிடுகிறார்கள்.

கீழே விழுந்தால் யாரும் சாவதில்லை. ஒரு மேகம் வந்து தாங்கிக்கொண்டு விட்ட இடத்திலேயே இறக்கிவிடும். ஒரு தாவல் கஷ்டமாக இருந்தால், மேலே உள்ள இன்னொரு பொத்தானை அழுத்தினால் போதும். நம் குட்டி ஒரு மேகத்துக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். மற்றவருடைய குட்டியின் பின்னால் அந்த மேகம் மிதந்து வரும். கஷ்டமான இடம் தாண்டியதும் இறங்கிக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகள் பெரியவர்களோடு ஆடுவதற்காக இந்த ஏற்பாடு.

பழுப்புக் குட்டி அவருடையது. வெள்ளை என்னுடையது. முதல் வாரம் முழுக்க மேகத்தில் வந்தது வெள்ளைதான். நான் குதிக்க வேண்டிய இடத்தில் கையைத் தூக்குவேன், என்னவோ கன்ட்ரோலரைத் தூக்கினால் குட்டியும் தூக்கிக்கொள்ளும் என்பதுபோல. நாற்காலியிலிருந்தே எழுந்துவிடுவேன்.

“நீ குதிக்காண்டாம்ட்டி. அதக் குதிக்கச் சொல்லு,” என்பார்.

அந்த விளையாட்டில் என்ன இருந்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர், ஒருவர் தணிக்கை, ஒருவர் நூலக அட்டவணை, வேலை நேரம் முழுவதும் மற்றவர் தவறுகளைத் திருத்தியே பழகியவர்கள், குழந்தைகளுக்கான படத்தின் முன்னால் ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்தோம்? எனக்குக் கிடைத்த பதில் எளிமையானது. அழுத்தினால் குதித்தது. ஒவ்வொரு முறையும், தாமதமில்லாமல், அழுத்திய அளவுக்கு. வீட்டில் அப்போது வேறெதுவும் அப்படி இல்லை. மாத்திரை கேட்கவில்லை, பயிற்சி கேட்கவில்லை, சாமி கேட்டதா என்று தெரியவில்லை. குட்டி கேட்டது. பாறை விளிம்பிலிருந்து கால் எடுத்து அடுத்த பாறையில் கால் வைப்பதற்குள் ஒரு கணம் அது எடையே இல்லாமல் நிற்கும். அந்தக் கணத்தில் அவருடைய தோள்கள் தளர்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பேன்.

ஒருமுறை அவருடைய அலுவலக நண்பர் பார்க்க வந்தார். துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு, ஆப்பிள் பையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் என் கன்ட்ரோலரை அவரிடம் கொடுக்கச் சொன்னார். பஞ்சாபிக்காரர், ஆறடி உயரம், அடுத்த வருடம் ஓய்வுபெறப் போகிறவர். முதல் ஓடையிலேயே திரும்பத் திரும்ப விழுந்தார். விழுந்த ஒவ்வொரு தடவையும் ‘அரே’ என்றார். கொஞ்ச நேரத்தில் ஆப்பிள் பை சோபாவுக்கு அடியில் உருண்டிருந்தது. அவர் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் என்னிடம், சாரிடம் பேச வேண்டும் என்று எத்தனையோ நினைத்து வந்தேன், எதையும் பேசவில்லை என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரே ஓர் ஆசை வளர்ந்தது. அவர் கட்டைவிரல் அவர் சொன்னதைக் கேட்கிற காலத்துக்குள் நாங்கள் மலையுச்சிக்குப் போய்விட வேண்டும். அந்தக் கதவை இரண்டு குட்டிகளும் சேர்ந்து முட்ட வேண்டும், பழுப்புக் குட்டியை அவர் கையே முட்ட வைக்க வேண்டும். இது எவ்வளவு அற்பமான ஆசை என்று எனக்குத் தெரியும். பெரியவற்றைக் கேட்க வழியில்லாமல் போனதால் இதைக் கேட்டேன்.

ஆனால் அவர் மேலே வர மறுத்தார்.

ஒரு சரிவில் ஓர் இலை பாக்கி இருந்தாலும் அவர் அடுத்த சரிவுக்கு நகரமாட்டார். மணி முட்டியாயிற்று, வழி திறந்தாயிற்று, நான் என் குட்டியை வாசலில் நிறுத்திக் காத்துக்கொண்டிருப்பேன். பழுப்புக் குட்டி திரும்பிப் பின்னால் போகும். அலுவலகத்திலும் அவர் இப்படித்தான். ஒரு துறையின் கணக்கை ஆய்வு செய்யப் போனால், எழுப்பிய ஆட்சேபணை ஒவ்வொன்றுக்கும் பதில் வந்து தீராமல் கோப்பை மூட மாட்டார். சின்னப் பாக்கிதானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொன்னாலும் கையெழுத்துப் போட மாட்டார். அதனால் அவருக்குப் பதவி உயர்வு தாமதமாகவே வந்தது. அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இலைகள் கடினமான இடங்களில் இருந்தன. தனக்குத் தானே மூடித் திறக்கும் பாறைகள், தொட்டதும் உடையும் கிளைகள். அவற்றுக்கு நல்ல கட்டைவிரல் வேண்டும். ஒரே இலைக்கு மாலை முழுக்கப் போகும். தை பிறந்தபோது அவர் கட்டைவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலின் கணுவால் அழுத்த ஆரம்பித்திருந்தார். பிறகு கன்ட்ரோலரைத் தலையணைமேல் வைத்து உள்ளங்கையின் ஓரத்தால். மகள் தொலைபேசியில் வழி சொல்ல, குதிக்கும் பொத்தானை இடது கைக்கு மாற்றினேன். இடது கையும் அப்போது முன்போல் இல்லை.

அந்த மாதம் கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். கல்யாணமான நாளிலிருந்து ஏறுகிற படிகள். பாதியில் அவர் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி, பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார். நான் மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு விபூதியோடு இறங்கி வந்தபோது அதே படியில் உட்கார்ந்திருந்தார். பூசிவிட்டேன். “நீ எனக்கும் சேத்துக் கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன். “சரி, அப்பம் நான் வரல்லன்னு எழுதமாட்டாவ,” என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை.

வீட்டுக்கு வந்து அன்று மாலையே நாங்கள் தங்கிவிட்ட அருவிச் சரிவுக்கு மறுபடியும் போனார். ஓர் இலை அங்கே பாக்கி. நான் பொறுமை இழந்தேன்.

“எதுக்குங்க இந்த ஒரு இலை? யார் வந்து கேக்கப்போறா? மேல போயிடலாம். அந்தக் கதவை மட்டும் தொறந்துடலாம். அப்பறம் எவ்வளவு வேணும்னாலும் கீழ வந்து தேடுங்க.”

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குட்டி அருவிக்குள் குதித்து, விழுந்து, மேகத்தில் திரும்பி வந்தது.

“மேல போனா என்னட்டி இருக்கு? கதவு தொறக்கும். பேரு ஓடும். அம்புட்டுதான். பாக்கி இருக்கது வரைக்கும்தான் ஃபைலு நம்ம மேசைல கெடக்கும்.”

எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினேன். அவர் உச்சிக்குப் போவதை நான் அவருக்குக் கொடுக்கப் போகும் ஒன்றாக நினைத்திருந்தேன். அது அவருக்கு வேண்டாத ஒன்று என்பது அன்று புரிந்தது. புரிந்தும் ஆசை போகவில்லை.

இதை மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். புகாராகச் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்வதற்கு இல்லாததால் சொன்னேன். அப்பா உச்சிக்கு வராமல் இலையைத் தேடிக்கொண்டிருக்கிறார், கை போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் கதவை அவர் திறக்காமலே போய்விடுவார் போலிருக்கிறது என்றேன். “அச்சா, நீங்க டென்ஷன் எடுக்காதீங்கம்மா. நான் வர்றேன்ல,” என்றாள்.

ஏப்ரலில் வந்தாள். வீட்டில் நுழைந்ததும் அவரைப் பார்த்த பார்வையை உடனே மாற்றிக்கொண்டாள். அதில் அவளுக்கு என்னைவிடத் திறமை. இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் மூச்சின் அளவைச் சோதிக்க வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் போனால் மாலையாகும். நான் கூட்டிப் போகிறேன், நீ வீட்டிலேயே இரு, சமைத்து வை என்று அவளிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது சமையல் ஆகியிருக்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் முழுக்க மகிழ்ச்சி. அவரைச் சோபாவில் உட்காரவைத்துத் தலையணை சரிசெய்துவிட்டுத் திரையைக் காட்டினாள். மலை வரைபடம். அடிவாரத்திலிருந்து மேல்வரை ஒவ்வொரு சரிவிலும் வெள்ளைப் பூ. எல்லாச் சரிவுகளும். நாங்கள் காலே வைக்காத சரிவுகள்கூட. குடிசைக் கதவுக்கு முன்னால் இரண்டு குட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

“ஒரு இலைகூட பாக்கி இல்லப்பா. எல்லாம் கம்ப்ளீட். கதவை மட்டும் விட்டு வச்சிருக்கேன், உங்களுக்காக. ஒரே ஒரு பட்டன். சலோ, நீங்களும் அம்மாவும்.”

காலையிலிருந்து சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், அத்தனை சரிவுகளையும் தனியாக ஏறியிருக்கிறாள். என் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள். அவருடையதை அவர் மடியில் வைத்து, இடது கையைத் தூக்கி மெதுவாகப் பொத்தான்மேல் வைத்தாள். அந்த நிமிடம் நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவர் வரைபடத்தை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். கீழ் இடது மூலையில் தொடங்கி, வரிசை வரிசையாக, மேலே. நிதானமாக, ஒன்றையும் விடாமல். மேலே வந்து முடித்ததும் கையைப் பொத்தானிலிருந்து நகர்த்திக்கொண்டார்.

“நல்லாச் செஞ்சிருக்கே,” என்றார். பிறகு, “ஆனா இதுல என் கையெழுத்து இல்லம்மா.”

அவளுக்குப் புரியவில்லை. என்ன கையெழுத்து என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சொல்வதற்குள் அவரே சொன்னார். அப்போதே அவர் பேச்சில் சொற்கள் கொஞ்சம் வழுக்க ஆரம்பித்திருந்தன; அதனால் மெதுவாகச் சொன்னார். அடுத்தவர் பார்த்த கணக்கில் தான் கையெழுத்துப் போட்டதில்லை, இனிமேல் புதிதாகப் போட வேண்டாம் என்று. தப்பு என்று சொல்லவில்லை, கோபமும் இல்லை என்று.

“ஹெல்ப்தானே பண்ணேன்,” என்றாள் அவள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் யாரிடம் போவதென்று தெரியாமல் நடுவில் கன்ட்ரோலரோடு நின்றேன்.

விளையாட்டின் முதல் திரையில் மூன்று மரங்கள் உண்டு. ஒவ்வொரு மரமும் தனியாகச் சேமித்து வைக்கும் ஓர் ஆட்டம். எங்கள் ஆட்டம் முதல் மரம், இப்போது கிளையெல்லாம் பூவோடு நின்றது. மறுநாள் மாலை, மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டாவது மரத்தைத் திறக்கச் சொன்னார். அது மொட்டை மரம். திறந்ததும் பழையபடி அடிவாரம். முதல் கல், முதல் ஓடை. எப்படி நடப்பது, எப்படிக் குதிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் பலகை.

“முதல்லேருந்தா?” என்றேன்.

“ஆமா. வேற எங்கேருந்து?”

மே மாதம் முழுக்க நாங்கள் அந்த அடிவாரத்திலேயே இருந்தோம். வெளியே லூ என்னும் அனல்காற்று அடித்தது. கூலரின் ஈரக் காற்றில் அவர் கை இன்னும் விறைத்துக்கொண்டது. சென்ற குளிர்காலத்தில் ஒரே மூச்சில் தாண்டிய முதல் ஓடையை இப்போது தாண்ட முடியவில்லை. அந்தப் பஞ்சாபி நண்பரைப்போலத் திரும்பத் திரும்ப விழுந்தார். மேகம் அலுக்காமல் தூக்கி வந்து விட்டது. விழுந்தவரைக் கடிந்துகொள்ளாத விளையாட்டு என்று பெட்டியின் பின்பக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு தடவையாவது கடிந்துகொண்டிருக்கலாம், ஆட்டம் முடிந்தது என்று சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் சரிவில் ஒரேயொரு பூ பூத்தது. அதற்கு ஜூன் ஆயிற்று. கடைசி இலையை அவர் முழங்கையால் அழுத்தித் தின்றார். மலை வரைபடத்தில் ஒற்றை வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்து, “இது என்னது,” என்றார். என்னுடையது என்ற பொருளில்.

இரண்டாவது சரிவில் மேகத்துக்குள் போனார். அதுவரை ஒருமுறைகூட அந்தப் பொத்தானை அவர் தொட்டதில்லை. ஒரு தாவலுக்கு மட்டும் என்றுதான் போனார். தாண்டியதும் இறங்க அதே பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தப் பார்த்தார். நான் பக்கத்தில் குட்டியை நிறுத்திக் காத்திருந்தேன். கன்ட்ரோலர் தலையணையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி சரிந்தது. மூன்றாம் முறை நான் எடுக்கப்போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார்.

“நீ போ. நான் பின்னால வாரேன்.”

மகளின் பூக்கள் நிறைந்த அந்த முதல் மரம் அப்படியேதான் இருந்தது. கதவுக்கு முன்னால் குட்டிகள் நின்றுகொண்டிருக்கும். ஒரு பொத்தான்தான். அதை அவருக்குத் தெரியாமல் நானே இரண்டு கையிலும் இரண்டு கன்ட்ரோலரை வைத்து அழுத்தலாம். ஒருநாள் அவர் தூங்கும்போது அந்த மரத்தைத் திறந்தேன். குட்டிகள் என்னைப் பார்த்துத் தலையாட்டின. சன்னலில் விளக்கு. அதற்குள் என்ன இருந்தாலும் அது எங்களுக்கானது இல்லை என்று தெரிந்தது. மூடிவிட்டேன். மகள் தொலைபேசியில் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் சொல்வதில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. மாடிப்படி இறங்க முடியாததால் தரைத்தள வீட்டுக்கு எழுதிப்போட்டோம். அது வருவதற்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பகலில் உதவிக்கு ஓர் ஆள் வருகிறார். வாய்வழிச் சாப்பாடு நின்றுவிட்டது. பேச்சு முதலில் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி ஆயிற்று. பிறகு எனக்கும் புரியவில்லை. கண்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. மேலே பார்த்தால் ஆமாம். கீழே பார்த்தால் இல்லை. டாக்டர் சொன்னது சரி. எல்லாம் தெரிகிறது.

இப்போதும் மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது மரத்தைத் திறக்கிறேன். வேண்டுமா என்று கேட்கிறேன். மேலே பார்க்கிறார். அவருடைய கன்ட்ரோலர் அவர் மடியில் இருக்கும், கைகள் அதன் இரண்டு பக்கமும் கிடக்கும். வெள்ளைக் குட்டி நடக்கும். அதன் பின்னால் மேகத்தில் பழுப்புக் குட்டி சுருண்டு படுத்து வரும். நான் இப்போது நன்றாக ஆடுகிறேன். எந்தத் தாவலும் எனக்குக் கஷ்டமில்லை. உச்சி வரை போக முடியும், ஆனால் இரண்டாவது சரிவிலேயே இருக்கிறோம். அதில் ஓர் இலை பாக்கி.

பேச்சு இருந்தபோது அவர் எனக்கு வழி சொல்வார். அந்த மரத்துக்கு மேலே போ, அந்தக் கல்லைத் தட்டிப் பார் என்று. இந்த ஓர் இலை எங்கே இருக்கிறது என்பதையும் அவர் கண்டுபிடித்திருந்தார் என்றே நினைக்கிறேன். கடைசியாகப் பேச முயன்ற நாட்களில் ஒருநாள் திரையைப் பார்த்து என்னவோ சொன்னார், பலமுறை சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. சலிப்பினால்தான். துடைத்துவிட்டேன்.

தீபாவளி மறுபடியும் முடிந்துவிட்டது. எதிர்ப் பிளாக் தெரியவில்லை. நேற்று மாலை ஆடிக்கொண்டிருந்தபோது அவர் கண்கள் இடது பக்கம் போய் நின்றன. நான் கவனித்து, குட்டியை இடது பக்கமாகத் திருப்பினேன். பாறையைத் தட்டினேன். புதருக்குள் நுழைந்தேன். சரிவின் விளிம்பு வரை, அதற்கு மேல் போக முடியாத இடம் வரை போனேன். மேகம் பின்னாலேயே வந்தது. அங்கே ஒன்றுமில்லை.

“இங்கயாங்க?” என்று கேட்டேன்.

மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. கண்கள் இடது பக்கத்திலேயே இருந்தன. டிவிக்கு இடது பக்கம் சன்னல் இருக்கிறது. அதைப் பார்த்தாரா, இலையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே பார்க்க எதுவும் இல்லை. நான் குட்டியை விளிம்பிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் குட்டிகள் கண்ணை மூடிக்கொள்ளும்படி அந்த விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக் குட்டி மேகத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.